அறுபத்திரண்டிலிருந்து அறுபத்தைந்து வரை

பசையக்கா ஒட்டினால் ஒட்டினதுதான். இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

எங்கள் பைண்டிங் பட்டறையில் நான் கட்டிங் மெஷின் ஆள். இருபத்திரண்டு வருடமாகப் புத்தகங்களுக்கு ஓரம் வெட்டுகிறேன். எனக்கு எதிரே ஜன்னலோரத்தில் பசைவாளியும் அவளுமாக உட்கார்ந்திருப்பாள். வீடும் அடுத்தடுத்த வீடுதான், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே பாத்திரம் விழுந்தால் இங்கிருந்து நான் "என்ன உடைஞ்சுது?" என்று கேட்பேன். அவள் புருஷன் செத்து ஆறு வருடம். ஒரே பையன், அப்போது ஒன்பதாவது படித்தான். வயதுக்கு மீறிய உயரம், உடம்பில் சதை என்று பேருக்குக்கூடக் கிடையாது. ஒட்டடைக்குச்சி என்று நான் வைத்த பெயர் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அவனும் கோபித்துக்கொள்ளமாட்டான். மாமா, மாமா என்று என் சைக்கிளைத் துடைத்துக்கொடுத்துவிட்டு ஒரு ரவுண்டு கேட்பான்.

அவள் பசை கிண்டுவதைப் பார்க்க வேண்டும். மைதாவைக் கட்டி தட்டாமல் கரைத்து அடுப்பில் ஏற்றி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டு, கடைசியில் பிடிப்பு இறுகுவதற்காகப் படிகாரத்தை நுணுக்கித் தூவி இறக்குவாள். படிகாரம் எவ்வளவு என்று கேட்டால் "கண்ணளவுதான்" என்பாள். யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. எதிர்த்தாளை அதன்மேல் படியவைத்து, எலும்புத் துண்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுவாள். ஒரு சுருக்கம் இருக்காது, ஒரு காற்றுக்குமிழ் இருக்காது. காய்ந்தபின் அது இரண்டு தாளாக இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்த வருடம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பட்டறை முழுக்க ஈரக் காகித வாடை. ஒன்பதாம் வகுப்பு உடல்நலப் புத்தகம் எட்டாயிரம் பிரதி முடித்து அடுக்கிவைத்திருந்தோம். எந்த வகுப்புப் பிள்ளைக்கு உடம்பைப் பற்றி என்னென்ன சொல்லித்தர வேண்டும் என்று அரசாங்கம் புதிதாகத் தரம் வகுத்து, அதன்படி எழுதவைத்த புத்தகம். லாரிக்குக் காத்திருந்தோம். லாரி வரவில்லை. கல்வித்துறை ஆபீசர்தான் குடையும் கையுமாக வந்து நின்றார்.

விஷயம் இதுதான். புத்தகத்தில் 'வளரும் பருவம்' என்று ஒரு பாடம் இருந்தது. யாரோ அதைப் பத்திரிகையில் போட்டுவிட, பெற்றோர் சங்கம் தெருவில் உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள் என்று ஒரே கூச்சல். அரசாங்கம் பயந்துபோய், கமிட்டி போட்டுப் பேசி முடிக்கும்வரை அந்தப் பாடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

"அறுபத்திரண்டுலேர்ந்து அறுபத்தஞ்சு வரைக்கும். நாலே பக்கம்தான்" என்றார் ஆபீசர்.

"கிழிச்சிடலாமா சார்?" என்றார் முதலாளி.

எனக்கு நாக்கு நிற்காது. "கிழிச்சா அதோட ஜோடித் தாள் பின்னாடி கழண்டு வந்துடும் சார். ஒரே ஷீட்டைத்தானே மடிச்சுத் தைக்கிறோம்? பசங்க கையில போன பத்தாவது நாள் புத்தகம் ரெண்டாப் பிரிஞ்சிடும்."

"அப்ப ஒட்டிடுங்க. நாலு மூலையிலயும் ஒரு பொட்டுப் பசை வச்சாப் போதும்."

பசையக்கா நிமிர்ந்து பார்த்தாள். "நாலு பொட்டா? உரிச்சுப் பாக்குறதுக்கா சார்? ஒட்டறதுன்னா ஒட்டணும். அரைகுறை வேலை நமக்கு வராது."

ஆபீசருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இந்தம்மா மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அறுபத்திரண்டும் அறுபத்துமூன்றும் எதிரெதிர்ப் பக்கம். அறுபத்துநான்கும் அறுபத்தைந்தும் அப்படியே. முகத்தோடு முகம் வைத்து ஒட்டினால் மூன்று தாள் சேர்ந்து ஒரே தடித்த தாளாகிவிடும். முன்னால் பல் பராமரிப்பு முடியும், பின்னால் சாலை விதிகள் தொடங்கும். நான்கு பெண்கள் உட்கார்ந்தார்கள். மற்ற மூன்று பேரும் ஆபீசர் சொன்னபடி பொட்டு வைத்துத் தள்ளினார்கள். எண்ணிக்கைக்குத்தானே கூலி? பசையக்கா மட்டும் முழுப் பக்கமும் இழுத்தாள்.

எங்கள் தையல்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். இரண்டாம் நாள் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "அக்கா, இங்க பாரேன், படம்லாம் போட்டிருக்கான்! 'பதின்பருவத்தில் ஆண்பிள்ளைகளின் உடலில்'..." என்று ராகமாகப் படிக்கத் தொடங்கினாள். பட்டறையே சிரித்தது. நானும் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன், பொய் சொல்வானேன்?

"மூடுடி. வயசுப் புள்ளைங்க படிக்கிற புத்தகத்துல என்ன கண்றாவி இது" என்று பசையக்கா அதட்டினாள். "அது கண்ணுல படாம ஒட்டத்தானே குடுத்திருக்கான்? நீ வாசிச்சுக் காட்டுறியா?"

அவள் ஒரு வரிகூடப் படித்திருக்கமாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே பசை இழுக்கிற வித்தை அவளுக்குத் தெரியும். அப்போதுதான் பள்ளி விட்டுச் சாவி வாங்க அவள் பையன் வந்து நின்றான்.

"என்னம்மா ஒட்டுற? புத்தகம் நல்லாத்தானே இருக்கு?"

"அசிங்கம்டா. நீயெல்லாம் பாக்கக் கூடாது. இந்தா, போய் வீட்டைத் திற."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பையனுக்குக் காது சிவந்துவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான்.

அடுத்தது நாங்கள் செய்த தப்பு. இதை வேறு எவனும் செய்திருக்கமாட்டான். பைண்டிங் வேலை செய்கிறவன்தான் செய்வான். எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. கணக்குப் புத்தகமோ பூகோளமோ, கோணலாக வெட்டுப்பட்டது, அட்டை கசங்கியது எல்லாம் வெளியூர்ப் பள்ளிகளுக்குப் போகும். எங்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு முதல் தரம்தான். பள்ளிவாரியாகக் கட்டுப் பிரிக்கிற அன்று பசையக்கா எழுந்து வந்து புத்தகங்களை விரலால் தடவிப் பார்த்தாள். மற்றவர்கள் ஒட்டியதெல்லாம் மழை ஈரத்தில் நெளிந்து மூலை தூக்கிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் அந்தப் பக்கம் போகட்டும்ணே. நம்ம பசங்க கைக்கு நல்ல புத்தகமாப் போகணும். நான் ஒட்டினதாப் பாத்து எடுத்துவிடுங்க."

இருநூற்றுப் பத்து புத்தகம். ஒவ்வொன்றாகப் பார்த்து, அவள் ஒட்டியதாகவே பொறுக்கி, நானே சணல் போட்டுக் கட்டினேன்.

மழை நின்று, வெயில் வந்து, பசைவாளியில் மணிக்கொரு தடவை ஆடை படிகிற காலம் வந்தது. ஒருநாள் காலை ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பையன் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

"என்ன, ஒட்டடைக்குச்சிக்கு உடம்பு சரியில்லையா?" என்றேன் இங்கிருந்தே.

"வயித்து வலியாம்ணே. நேத்து எவன்கிட்டயோ எதையோ வாங்கித் தின்னிருக்கான்" என்றாள் அவள்.

"ஒண்ணும் திங்கலைம்மா" என்று அவன் முனகினான்.

"பின்ன சும்மா வலிக்குமா? தொப்புளைச் சுத்தி வலிக்குதா, மேல வலிக்குதா?"

கட்டிலில் புரண்டு படுக்கிற சத்தம். "வயிறுதாம்மா" என்றான்.

இஞ்சியைத் தட்டிக் கஷாயம் வைத்துக் குடிக்கவைத்தாள். பள்ளிக்குப் போக வேண்டாம், படுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்தாள். அவசர வேலை, லீவு கேட்க முடியாது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் நடந்து வந்தோம்.

பத்து மணிக்கு டீ வந்தது. டம்ளரை எடுத்து இரண்டு வாய் குடித்திருப்பேன். பட்டறை வாசலில் அவன் நிற்கிறான். ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தான். அம்மாவிடம் போகவில்லை, நேரே என் மெஷினருகில் வந்தான். வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. எப்படி நடந்து வந்தானோ.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு. சைக்கிளை மட்டும் கேக்காத."

"கொஞ்சம் வெளிய வர்றீங்களா?"

எனக்கு அப்போது டீ சூடாக இருந்தது, பட்டறை நிறைய ஆள் இருந்தார்கள், என் வாய்க்கொழுப்பு வேறு. "அடேங்கப்பா, என்னடா ரகசியம்? கேள்விக்குறி மாதிரி வளைஞ்சு நிக்கிற? கணக்குப் பரீட்சைன்னதும் அடிவயிறு கலக்குதா?"

எல்லாரும் சிரித்தார்கள். தையல்காரிக்குப் புரையேறியது. அவனும் சிரித்தான். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறமாட்டேன் என்கிறது. முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை பூத்து நின்றவன், நாங்கள் சிரிக்கிறோமே என்று அவனும் சிரித்தான்.

"ஒண்ணுமில்ல மாமா" என்றான்.

"போய்ப் படுடா. மத்தியானம் வந்து கஞ்சி வச்சுத் தரேன்" என்றாள் பசையக்கா, இரண்டு கையிலும் பசையோடு. அவன் கொஞ்ச நேரம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய்விட்டான். மெஷினுக்கு மேலே இருந்த கடிகாரத்தில் பத்து பத்து.

மத்தியானம் வாந்தி நின்றிருந்தது. வலி குறைந்திருக்கிறது என்றான். கஷாயம் கேட்டது என்று அவள் நினைத்தாள். மறுநாள் காய்ச்சல். தெருமுனை மருந்துக்கடைக்காரர் வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, அம்மா கிட்டே வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டானாம். உடம்பைத் துடைத்துவிடுகிறேன் என்றதற்கு, "நானே துடைச்சுக்குறேன், நீ வெளிய போ" என்று கத்தியிருக்கிறான். பையன் வளர்ந்துவிட்டான், வெட்கப்படுகிறான் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட. என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் "அண்ணே, கொஞ்சம் வாங்களேன்" என்று சுவரைத் தட்டினாள். குரலே சரியில்லை. ஓடினேன். பையன் கட்டிலிலிருந்து இறங்க முயன்று தரையில் உட்கார்ந்திருந்தான். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அவன் கையை என் கழுத்தில் போட்டுத் தூக்கினேன். அவ்வளவு உயரத்துக்குக் கனமே இல்லை. வாயை என் காதருகில் கொண்டுவந்து, அவளுக்குக் கேட்காமல் சொன்னான்.

"வயிறு இல்ல மாமா."

"பின்ன?"

"கீழ. அன்னைக்கே அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனோம் என்பது நினைவில்லை. வழியெல்லாம் அவள் "என்னண்ணே சொன்னான், என்னண்ணே சொன்னான்" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அந்த இடத்தின் பெயர் என் வாயில் வரவில்லை. இத்தனைக்கும் எனக்கு ஐம்பத்தொரு வயது.

மத்தியானம் ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்தார். நடுவயதுப் பெண், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. எங்களை பெஞ்சில் உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு விதை முறுக்கிக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னுபோச்சும்மா. அது செத்துடுச்சு, எடுத்துட்டோம். இன்னொண்ணு நல்லா இருக்கு, அது முறுக்காம தையல் போட்டுப் பத்திரப்படுத்தியாச்சு. கல்யாணம், குழந்தை எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதும். அதை நினைச்சுப் பயப்படாதீங்க."

பசையக்கா தலையை ஆட்டினாள். என்ன புரிந்ததோ.

"ஆனா இதையும் காப்பாத்தியிருக்கலாம். வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"முந்தாநாள் காலையில ஆறு மணிக்கு" என்றேன் நான்.

"ஆறு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா முறுக்கை அவிழ்த்து விட்டிருப்போம். சின்ன வேலை. மறுநாளே வீட்டுக்குப் போயிருப்பான்."

ஆறிலிருந்து பத்து, நான்கு மணி நேரம். இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரி அரைமணித் தூரம். டீயைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் என்னடா என்று கேட்டிருந்தால் போதும். எத்தனை தடவை கூட்டிப் பார்த்தாலும் அதே கணக்குத்தான் வருகிறது.

"வயித்து வலின்னுதான் சொன்னான் டாக்டர்" என்றாள் பசையக்கா. "நான் கேட்டேன். எங்க வலிக்குதுன்னு கேட்டேன்."

"எல்லாப் பசங்களும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. என்ன படிக்கிறான்? ஒன்பதாவதா?" டாக்டருக்கு முகம் சுருங்கியது. "ஒன்பதாவது புத்தகத்துல தெளிவாப் போட்டிருக்கே! என் பொண்ணும் ஒன்பதாவதுதான். அந்தப் பாடத்தை ஒட்டித்தான் அனுப்பியிருந்தாங்க. அதுங்க சும்மா விடுமா? ஸ்கேலை விட்டு நெம்பினா வந்துடுச்சாம். மொத்த வகுப்பும் உரிச்சுப் படிச்சிடுச்சு. நானும் எடுத்துப் படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. உங்க பையன் உரிக்கலையா?"

பசையக்கா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் மயில்துத்தத்தின் நீலம் எப்போதும் இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒரு கையால் இன்னொரு கையை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் அவனுக்கு நினைவு நன்றாகத் திரும்பியது. அவள் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "ஏன்டா கண்ணு, எங்கிட்டச் சொல்லலை? நான் உன் அம்மாடா. எங்கிட்ட என்னடா வெட்கம்?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீதானேம்மா அசிங்கம்னு சொன்ன."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். மறுநாள் போய், "டேய், அன்னைக்கு நான் ஒரு மடையன்" என்று ஆரம்பித்தேன். "மாமா, சிரிக்க வைக்காதீங்க, தையல் வலிக்குது" என்றான்.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அடுப்பின் முன்னால் குந்தியிருந்தாள். கையில் பையனுடைய உடல்நலப் புத்தகம். கெட்டில் மூக்கிலிருந்து வரும் ஆவியில் அந்தத் தடித்த தாளைக் காட்டிக் காட்டி, ஓரத்தில் கத்திமுனையை நுழைக்கப் பார்த்தாள். ஈரத்துணி வைத்துப் பார்த்தாள். வெந்நீரைத் தொட்டுத் தடவினாள். ஆவி பட்டு விரலெல்லாம் சிவந்திருந்தது.

"தையல்காரியோட அண்ணன் பொண்ணும் ஒன்பதாவதுதான், வேற ஸ்கூல். அவ புத்தகத்தை வாங்கிட்டு வரட்டுமா?" என்றேன்.

"வேணாம்ணே. இதைத்தான் படிக்கணும். இவன் கையில குடுத்த புத்தகத்தை."

கத்தி உள்ளே போனது. தாள் பிரியவில்லை, கிழிந்தது. நகத்தளவு துண்டுகளாக வந்தது. ஒரு துண்டில் 'உடனே' என்று இருந்தது. இன்னொன்றில் 'வெட்க' வரை. எதிர்ப்பக்கத்து மை ஒட்டிக்கொண்டு மீதியெல்லாம் இடம்வலம் மாறிய எழுத்தாக இருந்தது. துண்டுகளைத் தரையில் வரிசையாக வைத்து, சேர்த்துப் படிக்கப் பார்த்தாள். கண்ணீர் விழுந்து அதுவும் ஊறியது. "வரமாட்டேங்குதே, பாவி, வரமாட்டேங்குதே" என்று தன் கையையே அடுப்புத் திண்டில் அடித்தாள்.

பையன் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். "விடும்மா. அது வராது. எங்க கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டோம், ஒருத்தனுக்கும் வரலை" என்றான். பிறகு மெதுவாக, "நீ ஒட்டினதும்மா" என்றான்.

அவன் பள்ளிக்குத் திரும்பிப் போனான். எப்படியோ விஷயம் கசிந்து, அங்கே அவனுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். அதை நான் வாயால் சொல்லமாட்டேன். அதற்குப்பிறகு ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டேன். ஆற்றுக்குக் குளிக்கப் போகிற கூட்டத்தோடு அவன் போவதில்லை. சைக்கிள் கேட்பதும் இல்லை. நானாகக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினாலும் துடைத்துவைத்துவிட்டு உள்ளே போய்விடுவான். ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவும் பிள்ளையும் பேசுகிற சத்தம் சுவரைத் தாண்டி வந்த வீடு. இப்போது தட்டுச் சத்தம் மட்டும்தான் வந்தது.

அடுத்த மழைக்காலம் வந்தது. கூடவே பத்தாம் வகுப்பு உடல்நலப் புத்தகமும் வந்தது. போன வருடமே அச்சடித்துப் பூட்டிவைத்திருந்ததாம். கமிட்டி இன்னும் பேசிக்கொண்டிருந்தது. ஆபீசர் அதே குடையோடு வந்து, "இதுலயும் ஒரு நாலு பக்கம்" என்றார். முதலாளி பசையக்காவைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தோம். அவள் எழுந்து போய் மைதாவை அளந்தாள்.

பசை இறக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். படிகார டப்பாவை எடுக்கவே இல்லை. உட்கார்ந்தாள். புத்தகத்தை விரித்தாள். சுண்டுவிரல் நுனியால் தொட்டு, நான்கு மூலையிலும் கடுகளவு வைத்து மூடினாள். எலும்புத் துண்டைத் தொடவில்லை. ஒரு புத்தகம், பத்து புத்தகம், ஐம்பது புத்தகம். தையல்காரி வாயைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் நான்கு பெண்களும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாரக் கடைசியில் ஆபீசர் பார்வையிட வந்தார். ஒன்றை எடுத்து மூலையை லேசாகத் தூக்கினார், டப்பென்று விட்டுக்கொண்டது.

"என்னம்மா இது? போன வருஷம் இரும்பா ஒட்டியிருந்தீங்க?"

"நாலு பொட்டு போதும்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றாள் பசையக்கா.

"மழைக்காலம் சார், காயாது" என்றேன் நான். "முழுசா ஒட்டினா பூஞ்சை பிடிச்சு மொத்தப் புத்தகமும் நாறிடும்." பொய்தான். ஆபீசர் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பள்ளியில் புத்தகம் கொடுத்த அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். கூரை ஓட்டை ஒன்றை அடைத்துக்கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பையன் பையிலிருந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து அட்டை போட்டான். உடல்நலப் புத்தகம் வந்ததும் நிறுத்தினான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. ஆனால் திரும்பவில்லை.

அவன் கட்டைவிரல் நகத்தை மூலையில் விட்டான். ஒரு சின்னச் சத்தம். இன்னொரு சத்தம்.

"வந்துச்சா?" என்றாள்.

"வந்துடுச்சும்மா."

"என்ன போட்டிருக்கு?"

அவன் பக்கத்தை விரலால் நீவிவிட்டான். "'சென்ற ஆண்டு நாம் கற்றவை'ன்னு போட்டிருக்கு."

"படி. சத்தமாப் படி."

படித்தான். உடம்பு எப்படி வளர்கிறது என்று சில வரிகள். பிறகு அந்த வரி. விதைப்பையில் திடீரென்று கடுமையான வலி வந்தால், வெட்கப்படாமல், வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்ல வேண்டும். சில மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் முழுமையாகக் குணமாகும். அவ்வளவுதான் இருந்தது. இரண்டே வரி. குரல் உடையாமல் படித்து முடித்தான்.

அவள் மாவுக்கையோடு அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள். "எங்கிட்டச் சொல்லு" என்றாள்.

"என்னம்மா?"

"அன்னைக்குச் சொல்லவேண்டியதை. ஒரே ஒரு தடவை சொல்லிடு கண்ணு."

"இப்ப ஒண்ணும் வலிக்கலையேம்மா."

"தெரியும்டா. ஆனாலும் சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். நான் எங்கே பார்ப்பது? புத்தகத்தை மூடிவைத்தான். "அம்மா, எனக்கு வலிக்குது" என்றான்.

"எங்கடா?"

"விதையில வலிக்குதும்மா. காலையிலேர்ந்து."

"சரி, எழுந்திரு. இப்பவே போயிடலாம்" என்று அவள் விசுக்கென்று எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், ஆணியில் தொங்கிய பையை எடுத்துத் தோளில் மாட்டினாள், ஒரு கால் செருப்பைக்கூடப் போட்டுவிட்டாள். வாசற்படியில் போய் நின்றவள் அங்கேயே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையன் எழுந்து பின்னாலேயே போய், அவ்வளவு உயரத்தையும் குனித்து, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

நான் அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி ஆணியில் திரும்ப மாட்டினேன்.